புதுப்பிப்பு: ஆறு வயது மகளுக்கு முதல் கேமரா வாங்கியாச்சு
பொம்மைக் கேமரா வாங்கவா, பழைய டிஜிட்டல் கேமரா வாங்கவா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

‘பொம்மை வேண்டாம், ஏஏ பேட்டரியில் ஓடுகிற பழைய கேனான் பவர்ஷாட் பாருங்க’ என்று ஒரு அண்ணாச்சி சொன்னாரே, அதுதான் சரியாக வந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் கிடைத்தது. வாங்குமுன் அக்கா வீட்டுப் பொம்மைக் கேமராவையும் எடுத்துப் பார்த்தோம், வெயிலில் பரவாயில்லை, வீட்டுக்குள் எடுத்தால் முகமெல்லாம் மாவு பூசின மாதிரி; ஜூம் என்பதும் படத்தை இழுத்துப் பெரிதாக்குவது மட்டும்தான்.

எதிர்பாராதது மெமரி கார்டு. கையிலிருந்த 64 ஜிபி கார்டை அது எடுக்கவே இல்லை. 2009க்கு முந்தைய கேமராக்கள் எஸ்டிஎக்ஸ்சி (32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு வகை) கார்டைப் படிக்காது, 32 ஜிபி எஸ்டிஎச்சி (அதற்கு முந்தைய வகை) போட்டதும் ஓடியது. அப்புறம், சாதாரண செல் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரியே போடுங்கள்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஊருக்குள் இருக்கிற மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டுவதால் சின்ன ஜூமே போதும். ஆனால் மகளின் கார்டில் நாரையைவிடக் கட்டிக் கிடந்த ஆட்டின் காதுதான் அதிகம்!

ஒரே கவலை, ஆன் செய்தால் வெளியே நீளும் லென்ஸ். கீழே விழுந்தால் முதலில் போவது அதுதான், அதனால் மணிக்கட்டுக் கயிறு மாட்டாமல் கையில் கொடுப்பதில்லை.