பழைய பேட்டைக் கடைகளுக்குக் கூட்டம் சேர்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். பக்கத்தில் தையற்கடை, முடிதிருத்தும் கடை, மூலையில் காப்பிக்கடை. காலையில் வயதானவர்கள் வந்து கறிவேப்பிலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, கதை பேசிவிட்டுப் போவார்கள். அப்புறம் ஈயாடாது. வேலை முடிந்து வருபவர்கள் நேராக லிஃப்டுக்குப் போய்விடுகிறார்கள். காலியாகக் கிடக்கும் இரண்டு கடைகளின் ஷட்டரில் விளம்பரத் தாள்தான் சேர்கிறது.

அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு வந்தால் வியாபாரம் சூடு பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பேரங்காடிக்கும் அதில் பங்கு உண்டு. பற்றுச்சீட்டு தீர்ந்ததும் பழைய கதைதான்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 2007இல் தொடங்கிய கடைகளுக்குப் புத்துயிரூட்டும் திட்டத்தில், பொது இடத்தைச் சீரமைக்கவும் விழா நடத்தவும் வணிகர் சங்கம் அமைக்கவும் நிதியுதவி உண்டு. எங்களுக்குச் சங்கமே இல்லை. தையற்கடை அங்கிள் "செலவில் நம் பங்கு எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்கிறார். நியாயம்தானே!

உங்கள் பேட்டையில் யாராவது சங்கம் தொடங்கியிருக்கிறீர்களா? சந்தா எப்படி வசூலித்தீர்கள்? ஒதுங்கி நின்ற கடைக்காரர்களை எப்படிச் சேர்த்தீர்கள்? புளோக்கின் அடியில் திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்தில் மாதச் சந்தை போட நகர மன்றத்தில் யாரை அணுக வேண்டும்? மேடை போட்டு ஒருநாள் கூத்து வேண்டாம். மறுநாள் நாற்காலி அடுக்கும் வேலைதான் மிஞ்சும். மாலையில் ஆட்களை நிற்க வைத்த யோசனை எதுவானாலும் கீழே எழுதுங்கள்.