கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையும் அந்த 20 நிமிஷமும்

வைகைக்கரை: நேத்து இங்கே ஒருத்தர் எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது உணர்ச்சிகளைப் புரிஞ்சு கையாளற திறமை பத்திப் பதிவு போட்டு வகுப்பு எடுத்திருந்தார். பத்தாவது படிக்கிற பையன் அரையாண்டு மார்க்குக்குத் திட்டு வாங்கிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா, 20 நிமிஷம் விட்டுட்டுப் போய்ப் பேசணுமாம், அதுக்குள்ள அடங்கிடுவானாம். அந்த 20 எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா? அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் கணவன் மனைவி சண்டைகளை ஆராய்ஞ்சு சொன்னது. நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டிட்டா எதுவும் காதுல ஏறாது, குறைஞ்சது 20 நிமிஷம் விலகி இருங்கன்னார். அந்த நேரத்துல சண்டையையே அசைபோடக் கூடாதுன்னும் சொன்னார். அறைக்குள்ள தனியா உட்கார்ந்திருக்கிற 15 வயசுப் பையன் அதைத்தானே செய்வான்? ஒரு மணி நேரம் ஆனாலும் இறங்காது.

மலைக்கோட்டை செல்வி: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாம், பயப்பட வேண்டாம். 20 நிமிஷம்கிறது பெத்தவங்களுக்கு. அப்பாவோட கோவம் இறங்காம கதவைத் தட்டினா ரெண்டாவது சண்டைதான் வரும். சரி, நீங்க எப்போ தட்டுவீங்க?

வைகைக்கரை: கடிகாரத்தைப் பார்த்துத் தட்ட மாட்டேன். உள்ளே சாமான் உருளுற சத்தம் நின்னுச்சா, தண்ணி குடிக்க வெளியே வந்தானா, "ம்"னாவது பதில் வருதா, அதைப் பார்ப்பேன். சாப்பாடு போட்டுட்டு எதிர்ல உட்காராம பக்கத்துல உட்காரணும். "ஏன் இப்படிப் பண்ற?"ங்கிற கேள்வியே கூடாது, அது விசாரணை. "மார்க் வந்ததிலேருந்து நீ சரியா சாப்பிடல"ன்னு கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கணும். பத்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமத்தான் முக்கால்வாசிப் பேர் அறிவுரைக்குத் தாவுறாங்க, பையன் மறுபடி உள்ளே போயிடறான். இதுல 20 எங்கே வருது?

கணக்கு வாத்தியார்: இவ்வளவு பேச்சும் எதுக்கு? போனைப் பிடுங்கி வையுங்க. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்த்தா எந்தப் பிள்ளையும் எரிஞ்சுதான் விழும். இந்த வயசுக்கு 8லேருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும்.

மலைக்கோட்டை செல்வி: வந்துட்டார். போன மாசமும் இதே போன் பாட்டுதான். தூக்கக் கணக்கு சரி சார். ஆனா சண்டை நடுவுல பிடுங்கினா அது தண்டனை, அவன் நண்பர்களையும் சேர்த்துப் பறிக்கிறீங்க. நல்லா இருக்கிற நாள்ல உட்கார்ந்து பேசி, 10 மணிக்கு வீட்டுல எல்லார் போனும் ஹால் சார்ஜருக்குன்னு முடிவு பண்ணணும். அப்பா போனும் சேர்த்து.

கணக்கு வாத்தியார்: 45 பிள்ளைங்க இருக்கிற வகுப்பை ஒரு நாள் நடத்திட்டு வந்து சொல்லுங்க மேடம்.

தாமிரபரணி: உணர்ச்சிக்குப் பேர் வச்சாலே தணியும்னு ஆய்வு இருக்கு. கலிபோர்னியாவுல மேத்யூ லீபர்மேன் குழு, 2007. "நீ கோவமா இருக்க"ன்னு சொல்லிட்டாப் போதும், எத்தனை நிமிஷம்னு சண்டையே வேண்டாம்.

வைகைக்கரை: அந்த ஆய்வைப் படிச்சீங்களா? ஆய்வுக்கு வந்தவங்களுக்கு முகப் படங்களைக் காட்டி, பொருத்தமான சொல்லை அவங்களையே எடுக்கச் சொன்னாங்க. அப்போ மூளையில பயம், கோவம் மாதிரி உணர்ச்சிகளைக் கிளப்புற அமிக்டலாங்கிற பகுதியோட வேகம் குறைஞ்சது. அம்மா வாசல்ல நின்னு "நீ கோவமா இருக்க"ன்னா "இல்ல!"ன்னுதான் கத்துவான். சொல்லை அவன்தான் எடுக்கணும். "அவமானமா இருந்துச்சா, இல்ல அப்பா என்ன சொல்வாரோன்னு பயமா?"ன்னு ரெண்டை வையுங்க, "ரெண்டும் இல்ல"ன்னு சொல்லவும் இடம் விடுங்க. மார்க் விஷயத்துல கோவத்துக்கு அடியில பெரும்பாலும் அவமானம்தான் கிடக்கும். சித்தப்பா முன்னாடி மார்க்கைச் சொன்னதுதான் சுட்டிருக்கும். 20 நிமிஷத்துக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லல.

மலைக்கோட்டை செல்வி: நீங்க 20-ஐப் பிடிச்சுத் தொங்கறதுல முக்கியமானதை விட்டுட்டீங்க. ரெண்டு வாரமா எதுக்கெடுத்தாலும் எரிச்சல், தூக்கம் போச்சு, விளையாட்டு பிடிக்கல, வச்சிருந்த பொருளை எல்லாருக்கும் கொடுக்கறான்னா அது மார்க் கோவம் இல்ல. இந்த வயசுல மனச்சோர்வு அழுகையா வராம எரிச்சலாவும் வரும். "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேரா கேளுங்க. கேட்கறதால அந்த எண்ணம் புதுசா முளைக்காது. ஆமான்னா தனியா விடாதீங்க. பூச்சிமருந்து, மாத்திரையெல்லாம் கைக்கு எட்டாம எடுத்து வச்சுட்டு, அரசோட இலவச மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

வைகைக்கரை: இதையேதான் நானும் கேட்கறேன். அப்படிப்பட்ட பையன் கதவைச் சாத்தினா அவனையும் 20 நிமிஷம் தாழ்ப்பாளுக்கு உள்ளே விடுவீங்களா? உங்க பதிவுல அந்தப் பிரிவே இல்லையே. அதைப் படிச்சுட்டு ஒரு அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு வெளியே நின்னா?

மலைக்கோட்டை செல்வி: அது சாதாரண மார்க் சண்டைக்கு எழுதினது. பி.எட்ல ஒரு பேப்பர் படிச்சவங்களுக்கு வித்தியாசம் புரியாட்டி நான் என்ன பண்றது?

கணக்கு வாத்தியார்: பி.எட்டை ஏன் இழுக்கறீங்க? பிள்ளை முகம் வாடினா முதல்ல பார்க்கறது நாங்கதான்.

வைகைக்கரை: வாத்தியாரை விடுங்க, என்னைத்தான் சொல்றாங்க. சாதாரணச் சண்டையா இல்லையான்னு சாத்தின கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு எப்படிக் கண்டுபிடிப்பீங்க மேடம்?

மலைக்கோட்டை செல்வி: குறைஞ்சது 20ன்னுதான் எழுதினேன், குரல் கொடுக்கக் கூடாதுன்னு எழுதல.

வைகைக்கரை: "குறைஞ்சது" உங்க பதிவுல எங்கேயும் இல்ல. குரல் கொடுக்கறதைப் பத்தியும் ஒரு வரி இல்ல. மேலே போய்ப் பாருங்க.