1951 மாரிஸ் மைனர்: இது வண்டியோடு வந்த எஞ்சின்தானா?

கேள்வி

மேலூரில் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் நெடுநாளாக நிற்கும் 1951ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முனைந்திருக்கிறோம். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் இருந்த பக்கம் செல்லரித்துவிட்டது. எஞ்சினின் மேல் நீளவாக்கில் ஒரு தகர மூடி இருக்கிறது. டைனமோவுக்கு மேலே பிளாக்கில் அறைந்த சிறு தகட்டில் ‘9எம்’ என்று தொடங்கும் எண் தெரிகிறது. வண்டியோடு வந்த எஞ்சின்தானா இது?

பதில் 1

இல்லை, ஐயா. அந்த ஆண்டு மைனரில் இருந்தது 918 சி.சி. சைடு வால்வு எஞ்சின். அதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே அமைந்திருப்பதால் மேலே வால்வு இயக்கத்தை மூடும் டேப்பெட் கவர் இராது. சிலிண்டர்களை மேலே மூடும் தட்டையான ஹெட்டின் மீது நான்கு பிளக்குகளும் வரிசையாக நிற்கும். எண்ணும் ‘யு.எஸ்.எச்.எம்.’ என்று தொடங்கும். நீங்கள் சொல்லும் தகர மூடிதான் டேப்பெட் கவர். ‘9எம்’ என்பது 1956இல் வந்த 948 சி.சி. எஞ்சினுக்கு உரியது.

பதில் 2

முடிவு சரியே, ஆனால் தகட்டை மட்டும் நம்பிவிட வேண்டாம். இரண்டு ரிவெட்டை எடுத்தால் கழன்று வேறொரு பிளாக்கில் ஏறிவிடக்கூடியது அது. இடையில் வந்த 803 சி.சி. எஞ்சினுக்கும் டேப்பெட் கவர் உண்டு என்பதால், ஹெட்டைக் கழற்றும்போது சிலிண்டர் விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். 803க்கு 58 மி.மீ., 948க்கு 62.9 மி.மீ.; ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கியிருந்தாலும், இவ்வளவு இடைவெளியில் குழப்பம் வராது. கியர் கம்பியையும் பாருங்கள்: குட்டையாக, கைக்கருகில் இருந்தால் 948இன் கியர்பாக்ஸும் கூடவே வந்திருக்கிறது. தொடக்ககால சைடு வால்வு மைனர்களில் வாட்டர் பம்ப் கிடையாது, தண்ணீர் சூட்டினாலேயே சுழன்றாக வேண்டும். மதுரை வெயிலில் அதை ஓட்டியவர் எஞ்சினை மாற்றியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய பிளாக்கைப் பெரும்பாலும் எடைக்குப் போட்டிருப்பார்கள். இருந்தாலும் கொட்டகையை ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

பதில் 3

விண்டேஜ் பதிவு பெறும் எண்ணம் இருந்தால் இது முக்கியம். 2021ஆம் ஆண்டு விதிப்படி, வண்டி முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்திருப்பது மட்டும் போதாது; சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆகவே பணம் கட்டுமுன், சேசிஸ் எண்ணைப் பென்சில் அச்சு எடுத்துக்கொண்டு, வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டில் எந்த எஞ்சின் எண் இருக்கிறது, மாற்றம் பிற்பாடு பதியப்பட்டதா என்று எழுத்துமூலம் கேளுங்கள்.