ஜோயி ஹாரிங்டனின் சைக்கிள் விபத்தும் டெட்ராய்ட் ரசிகர்களும்

கேள்வி: 2011 ஜூலை இறுதியில் போர்ட்லாந்தில் சைக்கிளில் சென்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) ஜோயி ஹாரிங்டன் மீது கார் மோதியதில், காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து நுரையீரலும் காயமடைந்தது. அவர் முன்பு ஆடிய டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ரசிகர்களில், அவரை மைதானத்தில் இகழ்ந்து கூச்சலிட்ட சிலர் இச்செய்தியின் கீழும் பழைய தோல்விகளையே பேசுவது முறையா?

மறுமொழி 1: முறையே இல்லை. தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2002 தேர்வில் மூன்றாவது வீரராக லயன்ஸ் அணிக்கு எடுக்கப்பட்ட அவரைச் சுற்றி வலுவான அணியை நிர்வாகம் கட்டவில்லை; அந்தத் தோல்விகள் அனைத்தையும் ஒருவர் தலையில் சுமத்தியதே அநீதி. துளைபட்ட நுரையீரலோடு கிடப்பவரிடம் இன்னும் கணக்குக் கேட்பது கொடுமை.

மறுமொழி 2: நான் லயன்ஸ் ரசிகன். 2006 நன்றி நவிலல் நாளில் அவர் மயாமி அணிக்காக வந்து எங்களை 27-10 என வீழ்த்தியபோது மனம் கசந்தது உண்மைதான். ஆனால் இப்போது அவர் நலமடைய வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

மறுமொழி 3: அவர் கல்லூரிக் காலத்தில் ஆடிய ஓரிகன் பல்கலைக்கழக அணியின் ரசிகர்களான எங்களுக்கு அவர் தோற்ற வீரரே அல்லர். ஃபியஸ்டா பவுல் என்னும் கல்லூரிக் கால்பந்துப் போட்டியில் கொலராடோ அணியை 38-16 என வென்று தந்தவர், சொந்த ஊர்ச் சாலையிலேயே அடிபட்டிருக்கிறார் என்பதுதான் எங்களை உலுக்குகிறது.