விட்டுவிட்டு எரியும் பின்விளக்கு: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான வாகன மின்பணிக் கையேட்டில் நான்காம் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

பாடத்துக்கு எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டுப் பழைய அம்பாசடர். 2014-இல் உற்பத்தி நின்றுபோனாலும் நம் பக்கம் இன்னும் ஓடுகிறது. இடப்பக்கப் பின்விளக்கு சுலோசன முதலியார் பாலம் வரைக்கும் எரியும். அப்புறம் ஒரு குழியில் இறங்கினால் அணையும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றும் தெரியாததுபோல எரியும். பல்பை மாற்றியும் பயனில்லை. விளக்கை எரியவிட்டு, ஹோல்டரின் உலோகக் கூட்டுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். ஏறக்குறைய சுழியம், அதாவது இணைப்பு சரி. டிக்கியை உள்ளங்கையால் தட்டியதும் 4 வோல்ட் காட்டியது, அதாவது இணைப்பு கெடுகிறது. ஹோல்டர் பாடியில் உட்காரும் இடத்தில் துரு.

இப்படிப்பட்ட பழுதுக்கு என்ன பெயர்? பட்டறையில் ‘லூஸ் கான்டாக்ட்’ என்பார்கள். அது காரணத்தின் பெயர். எனக்கு வேண்டியது அதன் நடத்தைக்கு ஒரு பெயர்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

‘இடையறு பழுது’ என்று போடுங்கள் தம்பி. இடையறாத அன்பு என்கிறோமே, அதற்கு மறுபக்கம். வினைத்தொகை என்பதால் அறுந்த, அறுகின்ற, அறும் என்று மூன்று காலமும் உள்ளே கிடக்கிறது. ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்று நன்னூல் சொல்வதற்கு உங்கள் விளக்கு நல்ல எடுத்துக்காட்டு. நேற்று அணைந்தது, இன்று எரிகிறது, நாளை எப்படியோ.

‘இடை’ நமக்குப் புதிதும் அல்ல. ரேழி என்கிறோமே, அது இடைகழி. முதலாழ்வார்களான பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் மழைக்கு நெருக்கி நின்ற திருக்கோவலூர் இடைகழியும் அதுதான்.

தென்காசியிலிருந்து:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் ‘இடையறு’ என்று படித்த பையன் வயர் நடுவில் அறுந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வான். இல்லாத அறுபட்ட வயரைத் தேடி டிக்கி முழுக்கப் பிரித்துப் போடுவான். இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், வண்டி கொண்டுவருகிறவர் எல்லாம் ‘வந்து வந்து போகுது’ என்றுதான் சொல்கிறார்கள். ‘வந்துபோகும் பழுது’ என்றால் விளக்கம் கேட்க ஆள் இருக்காது. திருநெல்வேலியில் ஈரடுக்கு மேம்பாலம் என்றால் எந்த ஆட்டோக்காரராவது திரும்பிக் கேட்கிறாரா? அது தமிழ்ச்சொல்தானே. கேட்டதும் புரிகிறது, அதனால் நிலைத்துவிட்டது.

பாடத்தில் இதையும் சேருங்கள். 21/5 வாட் பல்பில் (பிரேக்குக்கு 21, பின்விளக்குக்கு 5 என இரண்டு இழை) பிரேக்கை மிதித்ததும் பின்விளக்கு மங்கினால் முதலில் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியைப் பார்க்க வேண்டும். ஹோல்டரிலிருந்து நெகட்டிவ் முனைக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துப் பிடித்து, வெளிச்சம் நிமிர்ந்தால் கோளாறு எர்த்தில்தான்.

கோவில்பட்டியிலிருந்து:

ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதை முறைக்காய்ச்சல் என்பது பழைய வழக்கு. ‘முறைப்பழுது’ என்று வைத்தால் சுருக்கமாக இருக்குமே.

அப்புறம், எர்த்துக்கும் சொல் தேடுகிறீர்களா? பொய்கையாரைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவருடைய ‘வையம் தகளியா’ பாசுரம் நினைவுக்கு வந்தது. வையமே அங்கே அகலாகிறது. ‘வையத்தொடுப்பு’ என்று வைத்தால் என்ன?

தென்காசியிலிருந்து:

முறை இருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேனே அண்ணாச்சி! முறையில்லாமல் வருவதுதானே தொல்லை. வையத்தொடுப்பு வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பொருந்தும். கார் நான்கு ரப்பர் டயரில் நிற்கிறது, மண்ணுக்கும் அதற்கும் தொடுப்பே இல்லை. கரண்ட் திரும்புவது வண்டியின் உடம்பு வழியாக. நாங்கள் ‘பாடி எர்த்’ என்பது அதனால்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அப்படியானால் ‘மெய்த்தொடுப்பு’. ‘உடல்’ போட்டால் உடற்றொடுப்பு என்று புணர்ந்து பையன்களின் வாயில் நுழையாது.

பாளையங்கோட்டையிலிருந்து:

நேரம் முடிந்துவிட்டது. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் ‘வந்துபோகும் பழுது’ பக்கம். தலைப்பில் அதையே போட்டிருக்கிறேன். மெய்த்தொடுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, என்றாலும் மெய்யெழுத்து நினைவு குறுக்கே வருகிறது. இந்தப் பதிப்பில் எர்த் என்றே விட்டுவிட்டேன். துருவை உப்புத்தாளால் தேய்த்து, ஹோல்டரிலிருந்து பாடிக்குத் தனி வயர் கொடுத்தாயிற்று. நேற்று ஆலங்குளம் போய் வந்தேன், விளக்கு அணையவே இல்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். வந்துபோனது வெளிச்சம், பழுது அல்ல. விளக்கு எரிந்தபோதும் துரு அங்கேயேதான் இருந்தது. நாம் வைத்திருக்கும் பெயர் மாணவனுக்கு அதை மாற்றிச் சொல்கிறது. மறைந்து கிடப்பதால் ‘கரவுப் பழுது’ என்பதே சரி. அடுத்த பதிப்புக்கு முன்னால் இதை மறுபடி எடுப்போம்.