'நம்பர்ஸ் மேட்சிங்' என்பதற்குத் தமிழ்: உடன்பிறந்ததா, முதற்பூட்டா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிப்பவர்கள் 'நம்பர்ஸ் மேட்சிங்' (ஆலையில் பூட்டிய அதே எஞ்சின் இன்னும் வண்டியில் இருப்பது) என்று சொல்வதை 'எண் பொருந்திய' என்று எழுதி வருகிறோம். எந்த எண், எதோடு பொருந்த வேண்டும் என்று அதில் இல்லை. அந்த மங்கலில்தான் வாங்குகிறவர் ஏமாறுகிறார். 'உடன்பிறந்த எஞ்சின்' என்று வைக்கலாமா?

செவ்ரோலேயின் 1969 கமாரோ இசட்/28 காரை எடுத்துக்கொள்வோம். அதன் 302 கன அங்குல எஞ்சினின் பிளாக்கில் (வார்ப்பிரும்பு உடலில்), பின்பக்கம், வார்க்கும்போதே விழுந்த தேதி இருக்கும். 'எல் 5 8' என்றால் 1968 டிசம்பர் 5. முன்பக்கம், வலது ஹெட்டுக்கு முன்னால் நீளும் சின்ன மேடையில் 'வி1212டிஇசட்' (V1212DZ) என்று குத்தியிருக்கும்: வி என்பது ஃபிளின்ட் ஆலை, 1212 டிசம்பர் 12, டிஇசட் இந்த மாடலுக்கான குறி. அதே மேடையிலோ, சில வண்டிகளில் ஆயில் ஃபில்டருக்கு மேலேயோ, '19என்' என்று தொடங்கி ஆறு இலக்கம்: செவ்ரோலே, 1969 மாடல், நார்வுட் ஆலை, பிறகு வண்டியின் வரிசை எண். முன்கண்ணாடி வழியே டேஷ்போர்டில் தெரியும் வண்டி எண்ணின் கடைசி ஆறு இலக்கமும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

---

> 'உடன்பிறந்த எஞ்சின்' என்று வைக்கலாமா?

ஐயா, நீங்கள் தந்த விவரமே இந்தச் சொல்லுக்கு எதிராக நிற்கிறது. எஞ்சின் பிறந்தது மிச்சிகனில் ஃபிளின்டில். வண்டி பிறந்தது ஒஹாயோவில் நார்வுடில். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. வண்டியின் வரிசை எண்ணை எஞ்சினில் குத்தியது வண்டியைப் பூட்டிய ஆலை. ஆக, அந்த எண் சாட்சி சொல்வது பிறப்புக்கு அல்ல, முதன்முதலாகப் பூட்டியதற்கு. பட்டறையில் 'கழற்றிப் பூட்டு' என்றுதான் சொல்கிறோம். 'முதற்பூட்டு எஞ்சின்' என் பரிந்துரை. கியர்பாக்ஸுக்கும் அப்படியே பொருந்தும். இந்த வண்டிகளில் வந்த 'முன்சி' என்ற நான்கு கியர் பெட்டியிலும் வண்டி எண்ணின் பகுதி உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்த செவ்ரோலே எஞ்சின்களில் 'சிஇ' என்று குத்தியிருக்கும். அது அசல் கம்பெனிச் சரக்குதான், போலி அல்ல. ஆனாலும் முதற்பூட்டு அல்ல. 'அசல்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது.

---

முதற்பூட்டை மனமார ஏற்கிறேன். அதோடு 'காலமொத்த' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் போன்றவற்றில் வண்டி எண் கிடையாது, தேதிக்குறி மட்டுமே. அங்கே கேட்க வேண்டியது, வண்டி பூட்டுவதற்குச் சற்று முன் செய்த பாகமா என்பதுதான். வார்ப்புத் தேதி, எஞ்சின் கோத்த தேதி, வண்டி செய்த வாரம் என்ற வரிசை மாறக் கூடாது. வண்டியின் தகட்டில் '12சி', அதாவது டிசம்பர் மூன்றாம் வாரம், என்று இருக்க, எஞ்சினில் ஜனவரி 20 என்றால் அது பின்னால் வந்து சேர்ந்தது. மாத எழுத்துகளிலும் கவனம் வேண்டும்: பிளாக்கில் டிசம்பருக்கு எல், முன்சி கியர்பாக்ஸில் டி (ஆங்கில T, D அல்ல).

முதற்பூட்டுச் சான்றை அழிப்பது பெரும்பாலும் பட்டறையே. பிளாக்கின் மேல்முகத்தைச் சமப்படுத்தச் சீவும்போது அந்த மேடையும் சேர்ந்து சீவப்படுகிறது, எண் போய்விடுகிறது. கடைசல்காரரிடம் 'மேடைக்கு முன் கட்டரை நிறுத்துங்கள்' என்று எழுதியே கொடுக்க வேண்டும். பெயிண்டை எடுக்க எமரித்தாளும் கம்பி பிரஷும் கூடவே கூடாது. பெயிண்ட் ரிமூவரும் நைலான் பிரஷும் போதும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆலையில் இழைத்த மேடையில் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் ஓடும். எண் தெளிவாக இருந்து கோடுகள் இல்லை என்றால், சீவிவிட்டு மறுபடி குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு 'மறுகுத்து' என்றே பெயர் வைக்கலாம்.

---

மறுகுத்து நன்று. விற்காமல் டப்பாவிலேயே கிடந்த பழைய கம்பெனிப் பாகத்துக்குக் 'கிடப்புப் புதிது' என்று முன்பு ஒருவர் சொன்னார். அதையும் பட்டியலில் ஏற்றுகிறேன். பதிவு இப்படி: 'முதற்பூட்டு: ஆலையில் அந்த வண்டியிலேயே முதலில் பூட்டிய, அதன் வரிசை எண் குத்திய எஞ்சின் அல்லது கியர்பாக்ஸ்.' மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.