முதல் தடவை ஆழ்கடல்ல தூண்டில் போட போறோம், போனவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் நானும் அப்பாவும் ஒரு நாள் முழுக்க சார்ட்டர் போட் எடுத்து ஆழ்கடலுக்கு மீன் பிடிக்க போறோம், அப்பாவுக்கு இது ரொம்ப வருஷத்து ஆசை, அந்த நாள் அவருக்கு நல்லபடியா அமையணும்னு மனசு கெடந்து தவிக்குது.

என் பெரிய பயமே வாந்திதான். போன தடவை சின்ன படகுல போனப்பவே அரை மணி நேரத்துல தலை சுத்தி, மீதி நேரம் கண்ண மூடி படுத்தே கெடந்தார். தலை சுத்துன பிறகு மாத்திரை போட்டு பிரயோஜனம் இல்ல, கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும்னு தெரியும், டாக்டர்கிட்டயும் கேட்டுடுவேன் (பிரஷர் மாத்திரை வேற சாப்பிடுறார்). முன்பக்கத்த விட நடுவுலயும் பின்னாடியும் ஆட்டம் கம்மி, தொடுவானத்தையே பாக்கணும்ங்கறதும் தெரியும். ஆனா டீசல் புகை பின்னாடிதானே வரும், அப்போ எங்க உக்கார வைக்கிறது?

அடுத்தது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது லைன் வெளிய போகாம ரீல் எவ்வளவு இறுக்கமா பிடிக்கணும்ங்கற செட்டிங். லைன் தாங்குற எடையில மூணுல ஒரு பங்கு வைக்கணும்னு சொல்றாங்க, 30 பவுண்டு லைன்னா 10 பவுண்டு. பெரிய சூரை மாட்டி நேரா கீழ இழுத்தா 67 வயசுக்காரர் தாங்குவாரா, தூண்டில் கழியோட அடிய ஊனிக்கிற இடுப்பு பெல்ட் போதுமா, தோள்ல மாட்டுற ஹார்னஸும் கேக்கணுமா?

மயில் மீன் மாட்டுனா விட்டுடணும்னு முடிவு பண்ணிட்டோம். சர்க்கிள் ஹூக்னா (முனை உள்பக்கமா வளைஞ்ச கொக்கி) பெரும்பாலும் வாயோரத்துலதான் மாட்டும், தொண்டைக்குள்ள போகாது, அதனால அதான் வேணும்னு கேப்டன்கிட்ட முன்னாடியே சொல்லிடலாமா? மீன தண்ணிலருந்து தூக்காம அப்பாவோட ஒரு போட்டோ எடுக்க வழி இருக்கா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.